ஃபியூஸ் இருக்கு, ஆனா உக்காரலை

ஒரு வகைக் காய்ச்சல் உண்டு. வீட்டில் இருக்கும்வரை உடம்பு அனலாகக் கொதிக்கும். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் ஒன்றுமே இருக்காது. கார்களுக்கும் அந்தக் காய்ச்சல் வருவதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். நிறுத்தி மறுபடி கிளப்பினால் காணாமல் போய்விடும். பட்டறைக்குக் கொண்டுபோன அன்று மட்டும் சமர்த்தாக அணைந்தே இருக்கும்.

போன ஐப்பசி மழையில் என் காருக்கு இது வந்தது. புதுக்கோட்டை சாலையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன், ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. அவசர பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பதுதான் ஏபிஎஸ். அந்த மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போல வேலை செய்யும்; நிதானமாக ஓட்டி வந்து காட்டலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்ட வேண்டும்.

ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்கு வரும் வோல்டேஜ் எப்போதோ குறைந்திருக்கிறது என்று பதிவு இருந்தது. யூனிட்டையே மாற்றிவிடலாமா என்றார்கள். விலையைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து, கார் வயரிங் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தேடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு 7.5 ஆம்பியர் ஃபியூஸ். அதை விரல் நுனியால் லேசாக அசைத்தார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஃபியூஸ் இருக்கு தம்பி. ஆனா உக்காரலை" என்றார்.

வண்டியை அணைத்துவிட்டு அதைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே இருக்கும் கம்பி முழுசாக இருந்தது. ஆனால் ஒரு காலில் பச்சைக் களிம்பு. அந்தக் கால் உட்காரும் பித்தளைக் கவ்வி வாய் பிளந்து கிடந்தது. காரணம் நான் செய்யச் சொன்ன ஒரு வேலைதான். முன்கண்ணாடியில் கேமரா மாட்டியபோது, அதற்குக் கரண்ட் எடுக்க ஒரு வயரை அந்த ஃபியூஸ் காலோடு சேர்த்துத் திணித்திருந்தார்கள். ஒரு ஆள் உட்காரும் இடத்தில் இரண்டு பேர். கவ்வி தளர்ந்துவிட்டது. மழை ஈரம் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டது.

ஃபியூஸ் பற்றி நாம் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு, போச்சா, இருக்கா என்பதுதான். போன ஃபியூஸ் போனதுதான். அது தானாகத் திரும்பி வராது. ஆகவே விட்டு விட்டு வரும் கோளாறுக்கு, எரிந்துபோன ஃபியூஸ் அபூர்வமாகத்தான் காரணமாக இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். தளர்ந்த கவ்வியில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 5 ஆம்பியர் ஓடும்போது இரண்டரை வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 12 வோல்ட் எதிர்பார்க்கும் யூனிட்டுக்கு ஒன்பதரைதான் போய்ச் சேரும். அது விளக்கைப் போட்டு முறையிடும். ஆனால் கரண்ட் ஓடாத நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் முழுசாகக் காட்டும். டாக்டர் முன்னால் காய்ச்சல் மறையும் ரகசியம் இதுதான்.

சரி, வீட்டு வாசலில் நாமே என்ன பார்க்கலாம்?

பெரும்பாலான கார்களில் இரண்டு ஃபியூஸ் பெட்டிகள். ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே, இன்னொன்று பானட்டுக்குள் பேட்டரி பக்கம். எது எதற்கு என்ற படம் மூடியின் உள்பக்கமோ, வண்டியோடு வந்த கையேட்டிலோ இருக்கும். தொடுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். டெஸ்ட் லேம்ப் என்ற சோதனை விளக்கின் கிளிப்பை வண்டியின் எர்த்தில் மாட்டி, சாவியை ஆன் செய்து, விளக்கின் முனையால் இரண்டு புள்ளிகளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் கம்பி நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. இரண்டிலுமே எரியாவிட்டால் ஃபியூஸைக் குறை சொல்லாதீர்கள். அதற்கே கரண்ட் வரவில்லை.

பிறகு சாவியை எடுத்துவிட்டு, பெட்டிக்குள்ளேயே இருக்கும் பிளாஸ்டிக் இடுக்கியால் ஃபியூஸை நேராக இழுங்கள். கம்பியைப் பார்ப்பதோடு நிற்காமல் கால்களையும் பாருங்கள். பச்சைக் களிம்பு இருக்கிறதா? பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருக்கிறதா? பிளாஸ்டிக் இளகியிருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. திரும்பச் செருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கினால் கவ்வி தளர்ந்திருக்கிறது.

சம்பந்தமில்லாத இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் நின்றால், இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸையோ எர்த்தையோ தேடுங்கள். பேட்டரி முனைகள் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். நம் ஊரில் இன்னொரு சந்தேக நபரும் உண்டு: எஞ்சின் சூட்டுக்கு வந்து படுத்து வயரைக் கடிக்கும் எலி. விளக்கு எப்போது எரிகிறது, மேடு பள்ளத்திலா, மழையிலா, ஏசி போட்டதுமா என்று குறித்து வையுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும். நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். சிவப்பு இருந்த இடத்தில் நீலத்தைச் செருகாதீர்கள். அந்தக் காலத்தில் வீட்டுப் பீங்கான் ஃபியூஸ் கட்டையில், அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பார்கள், நினைவிருக்கிறதா? அதே பழக்கம் காரில் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளாகத் தொடர்கிறது. ஃபியூஸ் காப்பது முதலில் வயரைத்தான். ஃபியூஸ் போகாவிட்டால் வயர் எரியும். வயர் எரிந்தால் வண்டியே எரியலாம். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவதைப் போடாதீர்கள்.

ஏர்பேக் விளக்கு எரிந்தால் நீங்கள் கையே வைக்க வேண்டாம். மஞ்சள் உறையிட்ட அதன் இணைப்புகளை மீட்டர் வைத்துச் சோதிப்பதுகூட ஆபத்து. மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற வயர்களுக்கு அதே விதி. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

என் கதைக்கு வருகிறேன். பெரியவர் கேமரா வயரை உருவினார், களிம்பைச் சுத்தம் செய்தார், கவ்வியை இறுக்கினார், புது ஃபியூஸ் போட்டார். கேமராவுக்குத் தனி ஃபியூஸோடு தனி லைன் இழுத்தார். அதன் பிறகு அந்த விளக்கு நடு வழியில் எரியவில்லை.

ஆனால் தினமும் காலையில் எரிகிறது. எரியத்தான் வேண்டும். சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து ஆஜர் சொல்லும். சில நொடிகளில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அணையும், எஞ்சின் கிளம்பியதும் மற்றவையும் அணையும். நாளைக்குச் சாவியைத் திருப்பியதும் அவசரப்படாமல் அந்த வருகைப் பதிவை ஒரு முறை பாருங்கள். ஆஜர் சொல்லாத விளக்கு ஏதாவது இருந்தால், அதையும் சேர்த்து எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். நடு வழியில் எரிகிற விளக்கு நம்மை எச்சரிக்கிறது. காலையிலேயே எரியாத விளக்கால் அதைச் செய்ய முடியாது.