இரு மொழியில் ஒரு கதை: கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் கதைகூறலும்



கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. தோட்டத் தொழிலாளரோடு தமிழும் இம்மலையேறியது. இன்று இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் பேச்சுத் தமிழ். தமிழ்ப்பள்ளியில் ஏட்டுத் தமிழ். அங்கேயே பாடமாக மலாயும் ஆங்கிலமும். ஆறாண்டு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றால் பயிற்றுமொழி மலாய். மலாயில் உரிய தேர்ச்சி பெறாதவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயில நேரும். “இந்தப் பிள்ளைக்கு மொழியே வரவில்லை” என்னும் தீர்ப்பு இவ்வாயிலில் எளிதாக எழுந்துவிடும். அத்தீர்ப்பு சரியா என்று காண ஒரு வழி உண்டு. பிள்ளையைக் கதை சொல்லச் செய்து கேட்பதே அவ்வழி.

1967இல் லபோவ், வலெட்ஸ்கி என்னும் இருவர் மக்கள் வாய்மொழியாகக் கூறும் அனுபவக் கதைகளுக்கும் ஒழுங்கான உறுப்புகள் உண்டெனக் காட்டினர். 2012இல் கக்காரினாவும் பல நாட்டு ஆய்வாளரும் இணைந்து, பன்மொழிச் சிறார்க்கான கதை மதிப்பீட்டுக் கருவி ஒன்றைப் பெர்லினிலிருந்து வெளியிட்டனர். ஒவ்வொரு கதைக்கும் ஆறு படங்கள். ஒரு கதையில் பூனை வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கப் பாய்கிறது. சிறுவனின் பந்து நீரில் விழுகிறது. அவன் பந்தை எடுக்கும் வேளையில் பூனை அவனுடைய மீனைக் கவர்கிறது. நோக்கம், முயற்சி, விளைவு ஆகியவற்றைப் பிள்ளை கோத்துச் சொல்கிறதா என்பதே முதற்கேள்வி.

உருசியமும் ஆங்கிலமும் பேசும் சிறாரை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் சுட்டுச் சிறுசொற்கள் உருசியத்தில் இல்லை. உருசியத்தின் வேற்றுமை உருபுகளும் பால் பாகுபாடும் ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே ஒரு மொழியில் சொற்பிழை மிகலாம், மற்றதில் குறையலாம். ஆனால் பூனை ஏன் பாய்ந்தது என்ற அறிவு இரு மொழிக்கும் பொது. கதையின் எலும்புக்கூடு மொழி கடந்தும் நிற்கும். சதையும் தோலும் அந்தந்த மொழிக்கே உரியவை.

தமிழும் மலாயும் இவ்வாறே. “பூனை பாய்ந்து, முள்ளில் சிக்கி, கத்தியது” என வினையெச்சங்களால் தமிழ்ப் பிள்ளை நிகழ்ச்சிகளைத் தொடுக்கும். மலாயில் வினைச்சொல் காலங்காட்டித் திரியாது. ‘லாலு’, ‘கெமுடியான்’ போன்ற தனிச்சொற்கள் அத்தொடர்ச்சியைத் தரும். “காட்டில் ஒரு நரி இருந்ததாம்” என்பதில் வரும் ‘ஆம்’ கேள்விப்பட்டதைக் குறிக்கும். மலாய்க் கதையில் ‘கொனோன்’ ஏறத்தாழ அப்பணியைச் செய்யும். ‘லாலு’ இல்லாத கதையை ஒழுங்கற்ற கதை என்று கொள்ளலாகாது. அப்பிள்ளைக்கு அச்சொல் இன்னும் வசப்படவில்லை, அவ்வளவே.

தமிழுக்குள்ளும் ஓர் இரட்டை வழக்கு உண்டு. “பூன பாஞ்சி முள்ளுல மாட்டிக்கிச்சு” என்று சொல்லும் பிள்ளையை முதல் வரியிலேயே திருத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். கதையை முழுதும் கேட்டபின் ஏட்டுத் தமிழைக் கற்பிக்கலாம்.

மாணவ ஆய்வாளர்க்கு என் வேண்டுகோள் இது. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் பெற்றோர் இசைவு பெற்றுப் பிள்ளைகளின் கதைகளைப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் தமிழில் ஒரு கதை. சில நாள் கழித்து மலாயில் அதற்கு இணையான வேறொரு கதை. முதலில் கதையமைப்பை எண்ணுங்கள். பின்னர் சொல்லையும் இலக்கணத்தையும் பாருங்கள். நோக்கமும் விளைவும் இரு மொழியிலும் தொடர்ந்து விடுபட்டால், அப்பிள்ளையை உரிய வல்லுநரிடம் காட்டுதல் வேண்டும். தமிழில் நிறைந்து மலாயில் மட்டும் குறைந்தால், தேவைப்படுவது மலாய்ப் பயிற்சி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால் ஒருவகைப் பிள்ளை உதவியை இழக்கும்; மற்றது தன்மீது தானே நம்பிக்கை இழக்கும்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வேன். மலாய் வளரட்டும் என்று வீட்டில் தமிழ்க் கதையை நிறுத்திவிடாதீர்கள். தமிழில் கதை கோக்கக் கற்ற பிள்ளை, அத்திறனை மலாய் வகுப்பறைக்கும் உடன்கொண்டு செல்லும்.