'சே' என்னும் சிறு சொல்



வேற்றுமொழி கற்கத் தொடங்குவோர், சொல்லுக்குச் சொல் பொருள் தேடி அகராதியைப் புரட்டுவது இயல்பு. ஸ்பானிய மொழி கற்பாரை இம்முறை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லாது. அம்மொழியின் வினைச்சொற்கள் பல இரட்டை வடிவம் உடையவை என்பதே காரணம். 'லவார்' என்று ஒன்று. 'லவார்சே' என்று மற்றொன்று. ஈற்றில் நிற்கும் 'சே' என்னும் சிறு சொல்லே இன்றைய பேச்சின் பொருள்.

'லாவோ எல் கோச்சே' என்றால், 'நான் வண்டியைக் கழுவுகிறேன்' என்பது பொருள். 'மே லாவோ லாஸ் மானோஸ்' என்றால், 'நான் கைகளைக் கழுவிக்கொள்கிறேன்' என்பது பொருள். முன்னதில் செயல் பிறிதொரு பொருளைச் சென்று சேர்கிறது. பின்னதில் செய்தவனிடமே திரும்பி வருகிறது. 'என் கைகள்' என்று கூற வேண்டுவதில்லை. கைகள் எவருடையவை என்பதை 'மே' என்ற சொல்லே உணர்த்திவிடுகிறது.

இச்சொல் எழுவாய்க்கு ஏற்ப மாறும். தன்மை ஒருமைக்கு 'மே', முன்னிலை ஒருமைக்கு 'தே', படர்க்கைக்கும் மரியாதை முன்னிலைக்கும் 'சே', தன்மைப் பன்மைக்கு 'நோஸ்'. முன்னிலைப் பன்மைக்கு ஸ்பெயினில் 'ஓஸ்' வழங்கும். அமெரிக்க நாடுகளில் அங்கும் 'சே'யே வழங்கும். காலம் காட்டும் முற்றுவினைக்கு முன்னே இது தனித்து நிற்கும். 'லவார்சே' போன்ற தொழிற்பெயரிலும், உடன்பாட்டு ஏவலிலும் ஈற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

'எல் நின்யோ சே தெஸ்பியெர்த்தா' என்றால் குழந்தை விழித்தெழுகிறது. 'லா மாத்ரே தெஸ்பியெர்த்தா அல் நின்யோ' என்றால் தாய் குழந்தையை எழுப்புகிறாள். தமிழில் 'எழு' என்னும் தன்வினை அடிப்படையாக நிற்க, அது உருமாறி 'எழுப்பு' என்னும் பிறவினை ஆகிறது. ஸ்பானியத்திலோ, எழுப்புதலைக் குறிக்கும் வினையே அடிப்படை. 'சே' சேர்ந்த பின்னரே அது தானாக விழித்தலைக் குறிக்கிறது. இரு மொழிகளும் ஒரே வேறுபாட்டை எதிரெதிர்த் திசையிலிருந்து அடைவது வியப்பன்றோ!

ஆயினும், 'சே' வந்த இடமெல்லாம் 'கொள்' என்று பொருத்திவிடலாகாது. 'தோர்மீர்' என்பது தூங்குதல். 'தோர்மீர்சே' என்பது உறக்கத்தில் ஆழ்தல். 'ஈர்' என்பது செல்லுதல். 'ஈர்சே' என்பது ஓரிடத்தை விட்டு நீங்குதல். செய்த பிழைக்கு வருந்துதலைக் குறிக்கும் 'அர்ரெபென்தீர்சே' என்ற வினையோ, 'சே' இன்றி வழங்குவதே இல்லை.

இனி, நுட்பமான ஓர் இடம். 'ரொம்பீ எல் வாசோ' என்றால், 'நான் குவளையை உடைத்தேன்'. 'சே மே ரொம்பியோ எல் வாசோ' என்றால், 'என் கைதவறிக் குவளை உடைந்துபோயிற்று'. இரண்டாவதில் குவளையே எழுவாய். பேசுவோன் அந்நிகழ்ச்சிக்கு ஆளானவன் மட்டுமே. கைதவறியவன் முன்னதைச் சொன்னால், வேண்டுமென்றே உடைத்தவனாகக் கருதப்படக்கூடும். வேண்டுமென்றே உடைத்தவன் பின்னதைச் சொன்னால், இலக்கணம் பிழைபடாது, வாய்மை பிழைபடும். இரண்டு சிறு சொற்களில் ஒருவனுடைய பொறுப்பே அடங்கிக் கிடக்கிறது.

ஆகவே மாணவர்களே, ஸ்பானிய வினைகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாதீர்கள். இணை இணையாக எடுத்து, ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தில் அமைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். செயல் எவரிடம் சென்று சேர்கிறது என்று ஒவ்வொரு முறையும் வினவுங்கள். அவ்வினா உங்கள் தாய்மொழியின் வினைச்சொற்களையும் புதிய ஒளியில் காட்டும்.