ஆரண்ய காண்டம்: நாங்க தள்ளிவிட்ட காட்சிகள்

இன்னைக்கு ‘ஆரண்ய காண்டம்’. முடிவைச் சொல்லாம இந்தப் படத்தைப் பேச முடியாது. பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

2011 ஜூன்ல வந்த படம். தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம். சென்சார்ல ஏகப்பட்ட வெட்டு கேட்டாங்க, ட்ரிப்யூனல் வரைக்கும் போய்த்தான் வெளியே வந்துச்சு. தியேட்டர்ல ஓடலை. அப்புறம் அறிமுக இயக்குநருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருது. எங்க ஹாஸ்டலுக்கு அது ஒரு சீனியரோட பென் டிரைவ்ல வந்துச்சு. ஒரு லேப்டாப், ஒன்பது பேர். ஜாக்கி ஷெராஃபோட சிங்கபெருமாள் மாதிரி பேசாத நாளே கிடையாது. எட்டுத் தடவையாவது பார்த்திருப்போம். ஒரே விஷயம்: காளையனும் அவன் பையன் கொடுக்காப்புளியும் வந்தா, யாராவது ஒருத்தன் வலது பக்க ஆரோவை அமுக்கிருவான். ‘கேங்ஸ்டர் படத்துல இவங்க எதுக்குடா?’

போன மாசம் நாமக்கல் வீட்ல, ராத்திரி ஆபீஸ் கால் முடிஞ்சதும், ஆரோவைத் தொடாம முழுசா பார்த்தேன்.

முதல்ல சுப்பு. முடிவு தெரிஞ்சு பார்த்தா அது வேற படம். அப்போ சப்பையைப் பார்த்துச் சிரிச்சோம், சுப்புவைப் பார்த்துப் பரிதாபப்பட்டோம். இப்போ அவ பேசாம இருக்கிற ஒவ்வொரு இடமும் கணக்குப் போடுற இடமாத் தெரியுது. அவளைச் சுத்தி இருக்கிற ஆம்பளைங்க யாரும் கவனிக்கலை. ஒன்பது பேர் சேர்ந்து பார்த்த நாங்களும் கவனிக்கலை. நாங்க கைதட்டின சில ஜோக்குக்கு இப்போ சிரிப்பும் வரலை.

ஆனா என்னை உட்கார வச்சது காளையன். குரு சோமசுந்தரம். ‘ஜோக்கர்’, ‘மின்னல் முரளி’ எல்லாம் பார்த்த பிறகும் இவர்தான் அவர்னு எனக்கு உறைக்கவே இல்லைங்க. எங்கே, முகத்தைப் பார்த்திருந்தாத்தானே! வாழ்ந்து கெட்ட மனுஷன். சண்டைச் சேவலை நம்பி பட்டணம் வந்திருக்கான், அதுவும் தோத்துருது. நிதானமா இருக்கிறது பையன் மட்டும்தான். அப்பாவைச் சமாளிக்கிறதே அவனுக்கு ஒரு வேலை.

எங்களுக்கும் கோழிப் பண்ணை இருந்துச்சு. சின்னதுதான், ரெண்டு ஷெட். 2006-ல மகாராஷ்டிராவுல நவாப்பூர் பக்கம் பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்துச்சு. எங்க ஷெட்ல ஒரு கோழிக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா ஜனங்க பயந்து முட்டை வாங்குறதை நிறுத்திட்டாங்க, விலை விழுந்துருச்சு. கோழி விலையைக் கேட்டுட்டா தீனி திங்குது? தீவனக் கடன் ஏறிக்கிட்டே போச்சு. அப்பா ‘அடுத்த வாரம் ஏறிரும்’னு கோழிகளை விக்காமலே வச்சிருந்தாரு. ஏறுறதுக்குள்ள பண்ணை போயிருச்சு, அப்பா லாரியில வடக்கே லைனுக்குப் போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி சில மாசம், கடன்காரங்க வந்தா கதவுல நின்னு ‘அப்பா ஊர்ல இல்லைங்க’ன்னு சொல்றது என் வேலை. எனக்கு எட்டு வயசு. அப்பா உள்ளதான் படுத்திருப்பாரு, வாசனை வெளிய வரும்.

படத்துல கொடுக்காப்புளிகிட்ட, உனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்குமான்னு கேப்பாங்க. அப்படியெல்லாம் இல்ல, ஆனா அவர் எங்க அப்பாங்கிற மாதிரி பதில் சொல்லுவான். இணையத்துல சுத்துற வசனம், நானே ஸ்டேட்டஸ் வச்சிருக்கேன். அந்தப் பையன் அதுக்கு முன்னாடி என்னென்ன பார்த்துட்டு அதைச் சொல்றான்னு தெரியாமலே வச்சிருக்கேன்.

அங்கேயே பாஸ் பண்ணிட்டு, சேவல் சண்டைக்குத் திரும்பப் போனேன். தண்ணி குடிக்க எந்திரிச்ச அப்பா பின்னாடி வந்து நின்னாரு.

“ஏஞ்சாமி, இன்னும் தூங்கலையா?”

ஹெட்போனைக் கழட்டினேன். கொஞ்ச நேரம் நின்னபடியே பார்த்தாரு. சேவல் தோத்துச்சு.

“முன்னாடியே வித்துட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம் அந்தாளு.”

“வித்திருப்பானாங்ப்பா?”

“எங்க?” அப்படின்னுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. மிச்சப் படத்தை ஸ்பீக்கர்ல போட்டேன்.