அண்ணனின் கிட்டாரும் தலைமுடி அளவு கம்பியும்

(நம் சங்கத்தின் குடியரசு தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் "பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்" என்றார். வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்தவன் டெபாசிட் வட்டியைப் பற்றித்தான் பேசுவான் என்று சிலர் நாற்காலியை வாசல் பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். இன்று ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை ரிப்பேர் செய்த கதை. சில மாதமாக மாலை நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கேட்ட 'உர்ர்' சத்தத்துக்கு விளக்கமும் அதிலேயே வந்துவிடும்.

கிட்டார் என் அண்ணனுடையது. 1979-ல் வாங்கினார். அப்போது நம் ஊரெல்லாம் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தார். இந்த எல்லைப் பகுதியில் மேடை கிடைக்கத் தமிழ்ப் பாட்டு மட்டும் போதாது, கன்னடமும் வேண்டும். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு கிட்டார் கலைஞராக இருந்தார். கன்னடப் படங்களில் கொடிகட்டிப் பறந்த ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகவும் இருந்தார். அதைச் சொல்லி, "கிட்டாருக்கு ரெண்டு பாஷையும் தெரியும்டா" என்பார் அண்ணன்.

1986-ல் அதில் ஒரு பிக்கப் செத்துப்போனது. பிக்கப் என்பது கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி. அதுதான் கிட்டாரின் காது. அண்ணன் கிட்டாரில் இரண்டு உண்டு. கழுத்துப் பக்கம் இருப்பது கனமான ஒலி தரும், பிரிட்ஜ் பக்கம் இருப்பது கணீரென்று தரும். போனது கணீர். அண்ணன் என்னிடம் 400 ரூபாய் கேட்டார். நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். "ஒரு மேடைக்கு 40 ரூபாய் வருது. பத்து மேடை ஏறினால்தான் போட்ட பணம் வரும். இன்னொரு பிக்கப் வேலை செய்யுதே, அதுலயே வாசிங்கண்ணா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூன்று வருடம் அதிலேயே வாசித்துவிட்டு, கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அவர் போன பிறகு, போன வருடம் அண்ணி அதை என்னிடம் கொடுத்து, "உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். அவருக்கு 400 ரூபாய் விஷயம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

பெங்களூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கலாம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் எனக்கு அண்ணன் கேட்ட அதே ஒலி வேண்டும். திரும்பும்போது எஸ்.பி. ரோட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வங்கியில் என்ன செய்வோம்? எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். சரியாக இருப்பதை முதலில் ஒதுக்குவோம். இங்கேயும் அப்படியே. கழுத்துப் பக்கப் பிக்கப் நன்றாகப் பாடுகிறது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஒயர், ஜாக், வால்யூம் மூன்றும் சரி. மிச்சம் ஸ்விட்சும் செத்த பிக்கப்பும்தான். ஸ்விட்சில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன். மாற்றமில்லை.

பிறகு ஜாக்கில் மீட்டரை வைத்தேன். நல்ல பிக்கப் 6 கிலோ ஓம் காட்டியது. செத்தது 240 காட்டியது. ஏதோ ரீடிங் வருகிறதே, உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது தப்பு. அந்த 240 வால்யூம் கன்ட்ரோலின் சொந்தக் கணக்கு. பிக்கப் ஒயரின் பற்றவைப்பை எடுத்துவிட்டுத் தனியாகப் பார்த்தபோது மீட்டர் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது? காந்தம், அதைச் சுற்றித் தாமிரக் கம்பிச் சுருள். காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த விதிதான். நூறு வருடம் கழித்து, 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அந்த முதல் கிட்டார் வட்டமாக, நீளக் கைப்பிடியோடு இருந்ததால் அதற்குப் 'பொரியல் சட்டி' என்று பட்டப்பெயர்!

இந்தக் கம்பியின் கனம் சுமார் 0.063 மில்லிமீட்டர். தலைமுடி அளவு. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5.4 ஓம். 6,000 ஓம் வர வேண்டுமென்றால் நீங்களே வகுத்துப் பாருங்கள், 1,100 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி ஒரு தீப்பெட்டி அளவுக்குள் ஆயிரக்கணக்கான சுற்றாக இருக்கிறது. அது எங்கே அறுந்தது?

மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர், "சார், இவ்வளவு மெல்லிசா எங்ககிட்ட கம்பியே கிடையாது" என்றார். நானே செய்கிறேன் என்று இறங்கினேன். மூடியைக் கழற்றி, சுருளைச் சுற்றியிருந்த டேப்பை அவசரமாக இழுத்தேன். டேப்போடு ஒரு இழையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாற்பது வருடம் தாங்கிய பொருளை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்று இரவு சாப்பிடவில்லை.

என் மனைவிதான் நம் சி பிளாக் மேடத்தை அழைத்து வந்தார். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். நம் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் அசெம்பிளி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள்ளும் ஒரு காயில் உண்டு, இதைவிட மெல்லிய கம்பியில். அங்கே மின்சாரம் போய் முள் அசைகிறது. இங்கே கம்பி அசைந்து மின்சாரம் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்தவர் லென்ஸைக் கண்ணில் மாட்டினார். "சார், நீங்க கையை எடுங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தார். மெல்லிய கம்பி தடித்த ஒயரோடு சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு. ஈரமும் வியர்வை உப்பும் தின்ற இடம். சுருளின் வெளி முனை என்பதால் தப்பித்தோம். உள் முனை அறுந்திருந்தால் முழுவதையும் பிரித்து, அதே திசையில் மறுபடி சுற்ற வேண்டும். திசை மாறினால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒலி மெலிந்துவிடும். நான் பிய்த்த இழையையும் கெட்ட முனையையும் எடுத்துவிட்டார். நாலைந்து சுற்றுத்தான் போனது. ஆயிரக்கணக்கில் அது ஒன்றுமில்லை. நல்ல கம்பியின் முனையில் எனாமலை மெல்லிய உப்புத்தாளால் சுரண்டி, ஒரு துளி ஈயம் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

மீட்டர் 6.1 காட்டியது.

ஒரு எச்சரிக்கை. கிட்டாருக்குள் ஆபத்தான மின்சாரம் இல்லை, தைரியமாகத் திறக்கலாம். ஆம்ப்ளிஃபயரைத் திறக்காதீர்கள். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். இன்னொன்று, ஒற்றைச் சுருள் பிக்கப் இன்வெர்ட்டர் அருகில் வைத்தால் உறுமும். நீங்கள் கேட்ட 'உர்ர்' அதுதான். இடத்தை மாற்றிவிட்டேன், மன்னிக்கவும்.

அன்று மாலை அண்ணன் மகன் வந்து வாசித்தான். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் "இந்தச் சத்தம்தான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

செலவு: ஈயம், உப்புத்தாள், டேப் சேர்த்து 85 ரூபாய். 1986-ல் நான் போட்ட கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ஆனால் அண்ணனுக்கு அது வருமானக் கணக்கு இல்லை என்பது எனக்கு அப்போது எழவில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்த வளாகத்தில் சிப்காட் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் வேலை பார்த்த கைகள் எத்தனை இருக்கின்றன! மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இந்த ஹாலில் ஒரு மேசை போட்டு, வீட்டில் கிடக்கும் ரேடியோ, மிக்ஸி, கடிகாரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து பார்க்கலாம். மேடம் வருவதாகச் சொல்லிவிட்டார். பெயர் எழுதும் நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை. டேப்பை மட்டும் என்னை இழுக்கச் சொல்லாதீர்கள்.