சக்கர வீட்டின் குப்பை

ஒரு குடும்பம் எவ்வளவு குப்பையை உண்டாக்குகின்றது என்பதை அறிய விரும்புவோர், அக்குடும்பத்தை ஒரு கிழமைக்குச் சக்கரங்களின்மேல் ஏற்றிவிடுதல் வேண்டும். ஊரிலே நிலைத்து நிற்கும் வீட்டில் குப்பை விரைவில் மறைந்துவிடும் பொருள். வாயிலில் வைத்த வாளியை நகரசபை வண்டி வெறுமையாக்கிச் செல்லும். அதன்பின் அஃது எங்கே போயிற்று என்று வீட்டார் வினவுவதில்லை. வீடே ஊர்ந்து செல்லத் தொடங்கிவிட்டாலோ, குப்பையும் உடன் ஊர்ந்து வருகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாறு ஊரும் வீடுகள் இலட்சக்கணக்கில் உள்ளன. 'ஆர். வி.' என்று அந்நாட்டார் சுருக்கமாக அழைக்கும் இவ்வண்டிகளுட் சில பேருந்தை ஒத்தவை. சில மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்படுபவை. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் யாவும் உள்ளே அமைந்திருக்கும். நன்னீருக்கு ஒரு தாங்கி, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தாங்கி, மலசலத்துக்கு வேறொரு தாங்கி என்று வண்டியை அமைத்தோர் நுணுக்கமாக வகுத்துள்ளனர். குப்பைக்குத்தான் இடம் வகுக்க மறந்தார்கள் போலும். பெரும்பாலான வண்டிகளில் கழுவுதொட்டியின் கீழே வைக்கத்தக்க சிறு வாளி ஒன்றே அதற்குக் கதி.

அந்நாட்டின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2018 ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, ஆள் ஒன்றுக்கு நாளொன்றில் 4.9 இறாத்தல் குப்பை சேர்கின்றது. கடைகளும் அலுவலகங்களும் கழிப்பவை இக்கணக்கில் அடங்குமாதலின் வீட்டின் பங்கு இதனிலும் குறைந்ததே. பாதியெனக் கொண்டாலும், நால்வர் கொண்ட குடும்பம் ஐந்து நாளில் ஏறத்தாழ 50 இறாத்தலைச் சேர்த்துவிடும். கழுவுதொட்டியின் கீழுள்ள வாளி இரண்டாம் நாளே நிரம்பும். கோடை காலமாயின் மூன்றாம் நாள் அது பேசத் தொடங்கும்.

கட்டணம் பெறும் பாசறை நிலங்களிற் பெரும்பாலும் புறப்படும் வழியருகே பெரிய குப்பைத்தொட்டி இருக்கும். ஆனால் மேற்கு மாநிலங்களில் நடுவண் அரசின் நில முகாமைப் பணியகத்துக்கு உரிய பரந்த வெளிகள் உண்டு. அவற்றுட் பலவற்றில் எவரும் கட்டணமின்றிப் பதினான்கு நாள் வரை தங்கலாம். அங்கே தொட்டியும் இல்லை, நீர்க்குழாயும் இல்லை, கேட்பாரும் இல்லர். நெடுஞ்சாலை ஓய்விடங்களிலுள்ள தொட்டிகளோ வழிப்போக்கர் உண்ட பழத்தோலுக்கும் கடதாசிக் கிண்ணத்துக்கும் வைக்கப்பட்டவை. வீட்டுக் குப்பையை இடலாகாது என்ற அறிவித்தலைப் பலவிடங்களில் அவற்றின் மீதே காணலாம். இக்காரணத்தால் ஆர். வி. பயணத்திற் குப்பை பற்றிய எண்ணம் பயணம் தொடங்குமுன்னரே தொடங்கவேண்டியதாகின்றது.

பழகியவர்கள் புறப்படுவதற்கு முன்னாளிலேயே பாதிக் குப்பையை வீட்டில் நிறுத்திவிடுவர். கடையில் வாங்கிய பண்டங்களின் அட்டைப்பெட்டிகளையும் மேலுறைகளையும் நீக்கி, உள்ளிருப்பனவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படும் மூடிப்பெட்டிகளில் நிறைத்துக்கொள்வர். மரக்கறியை வீட்டிலேயே தோல்சீவி நறுக்கிக்கொள்வர். கண்ணாடிப் போத்தல்களை இயன்றவரை தவிர்ப்பர்; உடைந்தால் ஆபத்து, உடையாவிட்டால் இடநெருக்கடி. வழியில் வெறுமையாகும் தகரப்பேணிகளைக் காலால் மிதித்துத் தட்டையாக்குவர். பேணியை அலம்பவேண்டுமே என்றால், நீர் அளந்து செலவாகும் வண்டியில் அதற்கும் ஒரு வழி உண்டு: உணவுண்டபின் எறியவிருக்கும் கைத்துடைப்புக் கடதாசியினால் உள்ளே ஒருமுறை துடைத்துவிடுதல். ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் ஒருபோதும் சேர்ப்பதில்லை. நாற்றம் எடுப்பது ஈரமுள்ளதே. உலர்ந்தது ஒரு மாதம் கிடந்தாலும் தீங்கில்லை. மீன்முள், கோழியெலும்பு, இறைச்சிக் கழிவு ஆகியவற்றை உறையில் இட்டுக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடும் குடும்பங்களும் உள. கேட்பதற்கு அருவருப்பாய்த் தோன்றும் இம்முறை நடைமுறையில் மிகச் சிறந்தது. உறைந்த எலும்பு நாறுவதில்லை. அடுத்த தொட்டியைக் காணும்வரை அதனை மறந்திருக்கலாம். முற்றாக மறந்துவிட்டு வீடு திரும்பியோரும் இல்லாமலில்லை.

இரவில் மூட்டும் பாசறைத் தீ குப்பைக்கு விடை என்று பலர் எண்ணுவர். வெறுங் கடதாசியும் அட்டையும் எரியும், மெய்யே. பிளாஸ்திக்குப் பொருள்கள் எரிந்தால் நச்சுப்புகை எழும். அதனருகே அமர்ந்து இரவுணவு உண்பது அக்குடும்பமே. அலுமினியப் பேணியும் தாளும் எரிந்து மறைவதில்லை. உருகியும் நொறுங்கியும் சாம்பலிற் கிடந்து அடுத்து வருவோரின் குழந்தை காலை வைக்கும்வரை காத்திருக்கும். தோடம்பழத்தோல் இயற்கைப் பொருள்தானே, புதருக்குள் எறிந்தால் என்ன என்பது மற்றொரு வாதம். நம்மவரின் ஈரமண்ணுக்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். அரிசோனா போன்ற வறண்ட பாலையிலே அத்தோல் மாதக்கணக்கில் மக்காது கிடக்கும். கிடக்கும் காலமெல்லாம் விலங்குகளை அழைத்தவண்ணம் இருக்கும்.

விலங்குகள் பற்றிய பேச்சு வந்ததும் இப்பொருள் வீட்டு ஒழுங்கு என்ற எல்லையைக் கடந்துவிடுகின்றது. நாற்றம் தாங்காத குடும்பத்தலைவர் செய்யும் முதற் காரியம், பையை இறுகக் கட்டி வண்டியின் பின்னேணியில் தொங்கவிட்டு உறங்கப் போவதேயாம். சில இடங்களில் அதனைக் காகம் கிழிக்கும். சில இடங்களில் ரக்கூன் என்னும் சிறு விலங்கு அவிழ்க்கும். மலைக்காடுகளிற் கரடி வரும்.

யெலோஸ்டோன் தேசியப் பூங்கா 1872 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதனுள்ளே எழுந்த தங்கு விடுதிகள் தம் சமையற் கழிவைப் பின்புறத்திற் கொட்டின. கரடிகள் உண்ண வந்தன. கரடிகளைக் காணப் பயணிகள் வந்தனர். பின்னர் அது முறையான காட்சியே ஆயிற்று. பார்வையாளர்க்கு வாங்குகள் வரிசையாகப் போடப்பட்டன. குதிரைமேல் அமர்ந்த காவலர் கரடிகளின் இயல்பு பற்றி விரிவுரை ஆற்ற, அவர் பின்னே கிறிஸ்லி என்னும் பெருங்கரடிகள் எச்சிற் குவியலைக் கிளறின. 1940களின் தொடக்கத்தில் இக்காட்சி நிறுத்தப்பட்டது. ஆயினும் குப்பைக்கிடங்குகள் இருந்தன; கரடிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே உண்டு வந்தன.

வடக்கே மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா உளது. 1910 இல் அது தொடங்கியதிலிருந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் அங்கே கிறிஸ்லிக் கரடியால் ஒருவரும் இறந்ததில்லை. 1967 ஆகத்து 13 ஆம் நாள், ஒரே இரவில், மைல்கள் பல இடைப்பட்ட இரு இடங்களில், இருவேறு கரடிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இருவர்க்கும் வயது பத்தொன்பது. ஓரிடத்தில், விருந்தினர் கண்டு மகிழும்படி விடுதியின் எச்சிலுணவு கரடிகளுக்கு இடப்பட்டு வந்தது. மற்றையிடத்தில், ஏரிக்கரையிற் பாசறை இட்டோர் விட்டுச்சென்ற குப்பையில் ஒரு மெலிந்த கரடி பழகியிருந்தது. பின்னர்ச் சுட்டுக்கொல்லப்பட்ட அதன் கடைவாய்ப் பற்களிடையே கண்ணாடித் துண்டுகள் பதிந்திருக்கக் காணப்பட்டன. அக்கண்ணாடி யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல்.

இதன்பின் யெலோஸ்டோனில் எஞ்சிய கிடங்குகளை மூடுவதெனத் தீர்மானமாயிற்று. 1959 தொடங்கி அங்கே கரடிகளை ஆராய்ந்துவந்த பிராங்க் கிரேய்க்ஹெட், ஜோன் கிரேய்க்ஹெட் என்னும் இரட்டையர், மெல்ல மெல்ல மூடுக, உணவைத் திடீரென நிறுத்தற்க என்று வற்புறுத்தினர். நிருவாகம் விரைவையே தெரிந்தது. 1970 அளவிற் கிடங்குகள் மூடப்பட்டுவிட்டன. பழகிய உணவை இழந்த கரடிகள் பாசறைகளை நோக்கி நடந்தன, பெருந்தொகையானவை கொல்லப்பட்டன. 1975 இல் கிறிஸ்லி, சட்டத்தாற் காக்கப்படும் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இன்று யெலோஸ்டோனைச் சூழ்ந்த நிலப்பகுதியில் அவை ஏறத்தாழ ஆயிரம் உள. இவ்வழக்கிற் கிரேய்க்ஹெட் சகோதரர் பக்கமே நியாயம் மிகுதி என்று தோன்றுகின்றது. கிடங்கைத் திறந்துவைத்தவன் மனிதன், அதற்கு விலைகொடுத்தது கரடி.

கலிபோர்னியாவின் யொசெமிட்டிப் பூங்காவிற் கதை வேறுவிதமானது. அங்குள்ள கருங்கரடிகள் மோட்டார் வண்டிக் கதவுகளை வளைத்துப் பிடுங்கக் கற்றுக்கொண்டன. 1998 இல் ஓராண்டில் மட்டும் கரடிகளால் நேர்ந்த சம்பவங்கள் 1500ஐக் கடந்தன. 2001 முதல் 2007 வரை உடைக்கப்பட்ட ஏறத்தாழ 900 வண்டிகளை ஆராய்ந்த அறிஞர், கரடிகள் குடும்பங்கள் செல்லும் சிறு வான் வகையையே மற்றவற்றிலும் மிகுதியாக நாடின என்று கண்டனர். குழந்தைகள் பயணம் செய்யும் வண்டியில் இருக்கை இடுக்கெல்லாம் உணவுத்துகள் சிதறியிருக்கும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பிள்ளை பெற்றோர்க்கு இதை ஆராய்ச்சி கொண்டு நிறுவவேண்டிய தேவையில்லை. இன்று அங்கே பாசறை ஒவ்வொன்றிலும் இரும்புப் பெட்டகம் உண்டு. உணவும் குப்பையும் நாறும் சவர்க்காரமும் அதனுள் இருத்தல் வேண்டும். உறுதியான சுவருடைய ஆர். வி.யில் உணவை உள்ளே வைத்திருக்க இடமுண்டு, சாளரங்கள் மூடியிருப்பின். சம்பவங்கள் முன்பிருந்ததிற் சிறு பங்காகக் குறைந்துவிட்டன.

கரடி திறக்கவியலாத குப்பைத்தொட்டி செய்வதும் ஒரு தொழிலாகியுள்ளது. மூடியின் உள்ளே மறைந்திருக்கும் தாழைக் கைவிரல்களால் அழுத்தினாலே திறக்கும். கரடியின் பாதம் அவ்விடுக்கிற் புகாது. இத்தகைய தொட்டிகளை மெய்யான கரடிகளிடமே கொடுத்துச் சோதிக்கும் நிலையம் ஒன்று வெஸ்ட் யெலோஸ்டோன் ஊரில் உண்டு. ஊர்க்குப்பையிற் பழகிக் காட்டிலிருக்க இயலாதனவாகிய கரடிகள் சில அங்கே வாழ்கின்றன. உள்ளே உணவு வைத்த தொட்டியை ஒரு மணிநேரம் கடித்தும் உருட்டியும் மிதித்தும் அவை தேர்வு நடத்தும். தேறிய தொட்டிகளும் மனிதரிடத்தில் தோற்பதுண்டு. தாழைத் திறக்கத் தெரியாதோரும், தொட்டி நிறைந்திருக்கக் கண்டோரும், பையை அதன் அருகே நிலத்தில் வைத்துச் சென்றுவிடுகின்றனர். தொட்டியின் பக்கத்தில் வைத்ததும் காட்டில் எறிந்ததும் கரடிக்கு ஒன்றே.

2018 திசெம்பர் 22 முதல் முப்பத்தைந்து நாள், வரவுசெலவுப் பிணக்கினால் அமெரிக்க அரசின் பணிகள் பல நின்றுபோயின. பூங்காக்களுட் பல திறந்திருந்தன, ஊழியர்தாம் இல்லை. சில நாள்களுக்குள் யொசெமிட்டியிலும் ஜோசுவா ட்ரீ பூங்காவிலும் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. ஜோசுவா ட்ரீயில் அயலூரார் தாமாகவே வந்து பைகளை அகற்றினர், மலசலகூடங்களைக் கழுவினர். அங்கு வந்தோரிற் பெரும்பாலோர் தீயோர் அல்லர். தம் குப்பையை எவரோ எடுத்துச்செல்வார் என்று வீட்டிலே பழகிய பழக்கம் அவர்களுடன் வண்டியேறி வந்திருந்தது.

இலங்கை நேயர்க்கு இக்கரடிகளின் கதை அந்நியமாய் இராது. அம்பாறை மாவட்டத்திலே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்குக் காட்டு யானைகள் உணவு தேடி வருகின்றன. எட்டாண்டுக் காலத்தில் அங்கே ஏறத்தாழ இருபது யானைகள் மாண்டன என்று 2022 தொடக்கத்திற் செய்தி வெளிவந்தது. இறந்த யானைகளின் வயிற்றில் உணவுறைகளும் பொலித்தீனும் இருந்தன.

இனிப் பழகியவர் கையிலும் தீராத பொருள் ஒன்று உண்டு. பாசறை அடுப்புக்கென விற்கப்படும், ஓர் இறாத்தல் வாயு கொண்ட சிறு உருளையே அது. எரிந்து தீர்ந்தபின்னும் உள்ளே சிறிது வாயு எஞ்சியிருக்கும். குப்பையோடு சேர்த்து நசுக்கும் இயந்திரத்திற் புகுந்தால் வெடிக்கும். ஆதலால் அதனைத் தொட்டியில் இடலாகாது. திரும்ப நிரப்புமாறும் அது செய்யப்படவில்லை. பூங்காத் தொட்டிகளருகே அவை அநாதைகள்போல் நிற்பதுண்டு. மீள நிரப்ப இயலாத இவ்வகை உருளைகளை 2028 தொடக்கம் விற்கலாகாது எனக் கலிபோர்னியா 2024 இற் சட்டம் இயற்றியுள்ளது. மீள நிரப்பத்தக்க உருளை இப்போதே கிடைக்கின்றது, விலைதான் கூடுதல்.

புறப்படும் காலையில் நல்ல குடும்பம் ஒன்று செய்வது இது. வண்டி முன்னே நகர்த்தப்படும். அது நின்ற இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் குனிந்தபடி நடந்து, போத்தல் மூடி, உறையின் கிழிந்த முனை, தோடம்பழ விதை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்குவர். அடுப்புச் சாம்பலை ஆறவைத்துக் கிளறி அலுமினியத் துண்டு கிடக்கின்றதா என்று தந்தை பார்ப்பார். தாய் உறைபகுதியைத் திறந்து எலும்புப் பொதியை எடுப்பார். வாயிலருகே தொட்டி வெறுமையாய் இருந்தால் எல்லாம் அதனுள் வீழும். நிரம்பியிருந்தால், பைகள் மீண்டும் வண்டியில் ஏறும். அடுத்த ஊர் அறுபது மைல்.