சோறு கூடுற நாளும் குறையுற நாளும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

கடன், வட்டி, வசூல் பற்றிப் பேச நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னை உடம்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை, பத்தாவது வரைதான் படித்தவள். போன வருஷம் என் வீட்டில் நடந்ததையும், அதுக்கப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன்.

என் தங்கச்சியின் பிரசவத்துக்காக மெட்ராஸில் மந்தைவெளியில் ரெண்டு மாசம் இருந்தேன். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா, அவங்க மாமியார், காலேஜ் முடிச்ச மகள். அந்தப் பொண்ணு தி.நகரில் ஒரு ஜிம்முக்குப் போவாள். ஒரு நாள் சோறும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் வயிறார சாப்பிடுவாள். மறுநாள் பார்த்தால் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, மிச்சமெல்லாம் முட்டை, சுண்டல், காய். என்னம்மா இது என்று கேட்டால், "கார்ப் சைக்கிளிங் ஆன்ட்டி" என்றாள். சைக்கிள் ஓட்டுறதைத்தான் சொல்றாள்னு நினைச்சு, "சைக்கிள் எங்கே நிறுத்தியிருக்கே?" என்று கேட்டுவிட்டேன். இன்னைக்கும் அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். சோறு, இட்லி, சப்பாத்தி, கிழங்கு, சர்க்கரை எல்லாத்திலும் இருப்பது மாவுச்சத்து. உடம்பு கடுமையாக உழைக்கிற நாளில் அதைக் கூட்டணும், ஓய்வு நாளில் குறைக்கணும். முட்டை, பருப்பு, பால் மாதிரி புரதச்சத்து மட்டும் எல்லா நாளும் ஒரே அளவு இருக்கணும். அப்படிச் செய்தால் கொழுப்பு கரையும், சதை கரையாது என்று அவள் சொன்னாள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "இதைத்தானே நான் அம்பது வருஷமா பண்றேன்" என்றார்கள். மாசம் ரெண்டு ஏகாதசி, அன்னைக்குச் சோறு கிடையாது. மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காயோடு சாப்பாடு. சர்க்கரை வியாதி வந்தபிறகு முழுப் பட்டினி விட்டு, ஏகாதசிக்குக் கோதுமை ரவை உப்புமா மட்டும் சாப்பிடுகிறார்கள். டாக்டரைக் கேட்டு, அந்த நாளைக்கு மாத்திரையையும் மாற்றி வைத்திருந்தார்கள். இந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. அதுதான் பின்னால் வினையானது.

(விரதம்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். நம்ம வீட்டில் கிருத்திகைக்குச் சோறு இல்லை என்று இட்லி, தோசை, வடை, பாயசம். அரிசியை அரைச்சா அது அரிசி இல்லாமல் போயிடுமா?)

காலையில் குழந்தைத் துணி துவைச்சுப் போட்டுட்டு, நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு அந்தப் பொண்ணோடு நடக்கப் போவேன். எத்தனை பேர் நடக்கிறாங்க! பாதிப் பேர் நடந்து முடிச்சு நேராக ஓட்டலுக்குப் போய்ப் பொங்கல் வடை சாப்பிடுறாங்க. அதையும் பார்த்தேன்.

ஊருக்கு வந்ததும் எனக்கும் ஆசை வந்தது. வயிறு முன்னால் வந்திருந்தது. சோற்றை அடியோடு நிறுத்தினேன். ரசம், கீரை, வெறும் காய். பத்து நாளில் 3 கிலோ குறைஞ்சது. குழுவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். ஆனால் நூறு நாள் வேலையில் மண் சட்டி தூக்கும்போது கண் இருட்டிக்கிட்டு வந்தது. மறுபடி சோறு தொட்டதும் நாலே நாளில் எடை திரும்ப வந்துவிட்டது. பாவாடை நாடா மட்டும் அதே இடத்தில்தான் நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. உடம்பு மாவுச்சத்தைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் சேமிக்கும், ஒரு பங்குக்கு ஏறக்குறைய மூணு பங்கு தண்ணீர். சோற்றை நிறுத்தினதும் முதலில் போவது அந்தத் தண்ணீர். எடை மெஷினுக்குத் தண்ணீர் எது, சதை எது, கொழுப்பு எது என்று தெரியாது.

அதைவிடப் பெரிய தப்பு நான் என் அம்மாவுக்குச் செய்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. "வாரத்தில் ரெண்டு நாள் சோறு வேண்டாம்மா, மெட்ராஸில் பாட்டியே அப்படித்தான் இருக்காங்க" என்றேன். காலையில் வழக்கமான மாத்திரையைப் போட்டுட்டு, கீரையும் மோரும் மட்டும் சாப்பிட்டார்கள். பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி, திண்ணையில் சாய்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் அம்மா என் பெயரைச் சொன்னார்கள். அந்தக் கால் மணி நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா திட்டினார்கள். மாத்திரை சர்க்கரையை இறக்குகிற வேலையைச் செய்யும், சாப்பாடு இல்லையென்றால் அது ரொம்பக் கீழே இறங்கிவிடும் என்றார்கள். ஆகையால் சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் யாரும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமாவது கேளுங்கள். அவர்களில் நிறையப் பேர் நம்மைப் போல் குழுப் பெண்கள்தான்.

சோறு கெட்டதா என்றால், இல்லை. அளவுதான் கணக்கு. மெட்ராஸ் கோபாலபுரத்தில் டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2001-இல் தொடங்கி சென்னை நகரம் முழுக்க 26,001 பேரைச் சோதித்தார்கள். அதில் ஒரு பகுதியினரிடம் சாப்பாட்டைக் கேட்டபோது, ஒரு நாள் சாப்பாட்டின் சக்தியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது, பெரும்பாலும் வெள்ளை அரிசி. அதை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் அதிகம், இரத்தச் சர்க்கரையும் அதிகம். இந்தியா முழுக்க எடுத்த இன்னொரு ஆய்வு 2025-இல் வெளிவந்தது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்து குறைந்து புரதம் கூடினால்தான் பலன் என்று அதில் சொல்கிறார்கள். நாமே கேழ்வரகு முறுக்கு விற்கிறோம், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். ரேஷனில் 2011-இலிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. நாலு பேர் இருக்கிற வீட்டில் அந்தப் பருப்பை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட வராது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது அரசின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மிச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு அந்தச் சோற்றிலிருந்துதான். 100 கிராம் அரிசியில் 7, 8 கிராம் இருக்கிறது. அதனால்தான் நான் சோற்றை நிறுத்தினபோது புரதமும் சேர்ந்து நின்றுபோனது. உடம்பு என் சதையை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது.

மெட்ராஸ் பொண்ணின் தட்டில் சோறு குறைந்த இடத்தில் ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் வந்து உட்கார்ந்தது. என் தட்டில் அந்த இடம் காலியாகவே இருந்தது. நம்ம வீட்டில் யாருக்கு முட்டை போகிறது, சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு, அவருக்கு. நாம் கடைசியில் உட்காரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. அந்தக் குழம்பை ஊற்றி இன்னொரு கரண்டி சோறு போட்டு வயிற்றை நிரப்புவோம். இதைத்தான் முதலில் மாற்றணும். பெண்களுக்குத் தனிச் சமையல் கேட்கவில்லை. ஒரு முட்டை, இல்லைன்னா ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கரண்டி கொண்டைக்கடலை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பரிமாறுங்கள் என்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சோற்றுக் கணக்கு. எங்க அம்மா காலத்தில் நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டார்கள். அந்த வேலைக்கு அந்தச் சோறு சரி. இப்போது பாதி வயலில் நடவு மெஷின் இறங்கிவிட்டது. நம்ம தையல் யூனிட்டில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறோம். தட்டு மட்டும் நடவு நாள் தட்டாகவே இருக்கிறது. எனக்கு ஜிம் கிடையாது. களை எடுக்கப் போகிற நாள், மண் வேலை நாள் என் ஜிம் நாள். அன்னைக்கு வழக்கம்போல் சாப்பிடுகிறேன். தையல் நாள், குழுக் கூட்ட நாள் மதியம் ஒரு கரண்டி குறைவு, ராத்திரி இட்லி ரெண்டோடு நிறுத்தம். குறைத்த இடத்தில் சுண்டலோ முட்டையோ முருங்கைக்கீரை போட்ட பருப்போ கட்டாயம். தினமும் ஒரே மாதிரி கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய இதே பலன் வரும் என்று நர்ஸ் அக்கா சொன்னார்கள். எனக்கு இந்த முறை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆறு மாசத்தில் என் எடை ஒன்றரை கிலோதான் குறைந்தது. இடுப்பு ரெண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. மண் சட்டி தூக்கும்போது கண் இருட்டுவதில்லை. அம்மா மூணு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு சாப்பிடுகிறார்கள், மாத்திரை டாக்டர் சொன்னபடி.

நம்மைப் போன்ற பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. ஒல்லியாக இருக்கிறவர்களும் அளந்து பாருங்கள், மெலிந்த உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். மந்தைவெளிப் பாட்டி குச்சி மாதிரி இருப்பார்கள், அவர்களுக்குத்தான் சர்க்கரை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு அளக்கணும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது, நான் பார்த்துவிடுவேன்.

தையல் யூனிட்டிலிருந்து ரெண்டு டேப் கொண்டு வந்திருக்கிறேன். டீ குடிக்கும் நேரத்தில் பின்பக்க அறைக்கு வாருங்கள். ஆம்பளைங்க யாரும் அங்கே வரமாட்டார்கள், தலைவி அக்காவிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ள நோட்டும் இருக்கிறது.