வேண்டாதவரை விலக்கும் வோட்டு

 

ஒரு கிராமத்தில் தலைவர் பதவிக்கு மூன்று அபேட்சகர்கள் நிற்பதாகக் கொள்வோம். வோட்டளித்தோர் 100 பேர். முதலாமவருக்கு 40, இரண்டாமவருக்கு 35, மூன்றாமவருக்கு 25 வோட்டுகள் கிடைக்கின்றன. இன்றைய முறைப்படி 40 பெற்றவரே தலைவர். ஏனைய 60 பேரும் 'இவர் மட்டும் வேண்டாம்' என்று கருதியிருப்பினும், அதைத் தெரிவிக்க வோட்டுச் சீட்டில் வழியில்லை. குடிநீரும் தெருவிளக்கும் ஐந்தாண்டுக் காலம் அவர் பொறுப்பில்தான்.

இக்குறையைத் தீர்க்க இரு வழிகள் நம் நாட்டில் முன்னமே உள்ளன. ஒன்று, 1, 2, 3 என விருப்பத்தை வரிசைப்படுத்தும் முறை. ஜனாதிபதித் தேர்தல் இவ்வாறே நடைபெறுகிறது. 1969-இல் முதல் விருப்ப வோட்டுகளில் எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டவில்லை. அடுத்த விருப்பங்களையும் எண்ணிய பின்னரே திரு. வி. வி. கிரி வெற்றி பெற்றார்.

மற்றொன்று 'நோட்டா'. 2013-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பினால் வந்தது. ஆயினும் 2024-இல் இந்தூர்த் தொகுதியில் 2,18,674 பேர் நோட்டாவுக்கு வோட்டளித்தும் முடிவு மாறவில்லை. அதுவே முதலிடம் பெற்றாலும், அடுத்து நிற்பவரே பாராளுமன்றம் செல்வார். உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என மகாராஷ்டிரத்திலும் ஹரியானாவிலும் 2018-இல் விதி செய்தனர்.

இவ்விரண்டையும் இணைத்தால் என்ன? சீட்டில் 'எவரும் வேண்டாம்' என்பதும் ஒரு பெயர்போல் இருக்கும். அதற்கு மேல் வரிசையிடப்பட்டவர் ஏற்புடையவர்; கீழே உள்ளவர் ஏற்பற்றவர். பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் கீழே போனவர் விலக்கப்படுவார். நம் உதாரணத்தில் அந்த 60 பேரும் முதலாமவரைக் கீழேயும், மற்ற இருவரை மேலேயும் வைத்தால், முதலாமவர் விலகுவார். அவருடைய ஆதரவாளர் 40 பேரும் மற்ற இருவரையும் ஏற்காவிடில், எஞ்சிய இருவரில் 35 பேரின் முதல் விருப்பம் பெற்றவர், 60 பேரின் இசைவோடு தலைவராவார். மூவருமே விலக்கப்பட்டால்தான் மறுதேர்தல்.

இதில் இடர்ப்பாடும் உண்டு. ராஜ்ய சபைத் தேர்தலும் வரிசை முறையிலேயே நடக்கிறது. அங்கு நோட்டா பொருந்தாது என 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அது சட்டசபை உறுப்பினர்கள் வோட்டளிக்கும் மறைமுகத் தேர்தல் என்பதையும் நாம் கருத வேண்டும். எண்ணும் வேலை பெருகும். மறுதேர்தலுக்குப் பணமும் காலமும் செலவாகும். 2016 முதல் 2019 வரை நம் மாநில ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பிலிருந்தபோது, கேட்பதற்கு நம் பிரதிநிதி இல்லாத குறையை நாம் உணர்ந்தோம். ஆகவே மறுதேர்தல் ஒருமுறைக்கு மேற்படாமல் விதி அமைதல் வேண்டும்.

சட்டத்தை மாற்றுவது சட்டசபையின் பொறுப்பு. ஆனால் எம்முறை நமக்கு ஏற்றது என்று ஆராய்ந்து பேசுவது நம் பொறுப்பு. நிலத்திற்கு விதை தேர்ந்தெடுக்கும்போது பதரை நீக்கிவிட்டே நல்லதைப் பொறுக்குகிறோம். ஊருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலும் அவ்வுரிமை நமக்கு வேண்டாமா? சிந்திப்போம்.